பயோ டீச்சர் இல்லாத ஸ்கூல்ல இருந்து நர்ஸ் எப்படி வரும்?

"பரவால்ல விடும்மா, டொக்டர் கிடைக்காட்டி நர்சிங்குக்குப் போட்டுடலாம்."

ஏ.எல் ரிசல்ட் வர்ற சீசன்ல இந்த வசனம் ஏதாவது ஒரு வீட்ல கேக்காம இருக்காது. இந்தத் தடவை எங்க வீட்டு ஹோல்லயே கேட்டுச்சு. அம்பிட்டியில நம்ம வீடு ரோட்டோரம். தலாத்துஓயா பஸ்ஸுக்கு நிக்கிற சொந்தக்காரங்க ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுத்தான் போவாங்க. அப்படி வந்த ஒரு பெரியவர்தான் என் அண்ணன் மகள்கிட்ட இதைச் சொன்னார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். நல்ல மனுஷன். ஆனா எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. வீட்டுக்கு வந்த பெரியவர்கிட்ட சண்டை போட முடியாது. அதனால இங்க எழுதறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நர்சிங், யாரும் நெனைச்ச நேரத்துக்குப் "போட்டுடற" விஷயம் இல்ல. அந்த இடத்துக்கு நாடு முழுக்க பிள்ளைகள் காத்துக்கிட்டு இருக்காங்க. அதுக்குன்னே படிச்ச பிள்ளைகளுக்கே கிடைக்கல.

நம்ம நாட்டில நர்ஸ் ஆகிறதுக்குப் பெரிய வாசல் ரெண்டு. ஒண்ணு சுகாதார அமைச்சோட தாதியர் கல்லூரி (நாங்க எல்லாரும் இன்னும் நர்சிங் ஸ்கூல்னுதான் சொல்றோம்). மூணு வருஷ டிப்ளோமா. கண்டியில ஒண்ணு இருக்கு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, பதுளை, குருநாகல், காலின்னு வேற பல ஊர்லயும் இருக்கு. ஃபீஸ் இல்ல. படிக்கிற காலத்திலயே மாசாமாசம் கொடுப்பனவு. முடிச்சா அரசாங்க நியமனம், பென்ஷன்.

மத்தது பல்கலைக்கழகம். நாலு வருஷ பிஎஸ்சி. நமக்குப் பக்கத்தில பேராதனையில அலைட் ஹெல்த் ஃபெகல்டி இருக்கு, அதில நர்சிங்கும் ஒரு டிகிரி. யாழ்ப்பாணம், கிழக்கு, கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருஹுணு பல்கலைக்கழகங்கள்லயும் இருக்கு.

இப்ப அந்த நர்சிங் ஸ்கூல் வாசலை யோசிச்சுப் பாருங்க. காசு கட்டாம படிப்பு, படிக்கும்போதே கைச்செலவுக்குக் காசு, முடிச்ச உடனே அரசாங்க வேலை. கொழுந்து எடுத்து பிள்ளைய வளர்க்கிற ஒரு அம்மாவுக்கு இதை விடப் பெரிய கனவு வேற என்ன இருக்கு? அம்மா கனவு மட்டும் இல்ல, கண்டி டவுன்ல வசதியா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் இது நல்ல வழிதான். பயோ செஞ்சு, மெடிசினுக்கு ஒரு தசமம் குறைஞ்சு போன பிள்ளைகளும் இதே பக்கம்தான் திரும்பறாங்க. இசட் புள்ளி தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கம் வரைக்கும் போகும், தெரியுமா? அந்த நாலாவது இலக்கத்தில தவறிப் போறவங்களும் இருக்காங்க.

அப்ப சின்ன வயசில இருந்தே நர்ஸ் ஆகணும்னு நெனைச்ச பிள்ளை, டொக்டராகிறதுக்காக வருஷக்கணக்கா டியூஷன் போன பிள்ளையோட போட்டி போடணும். ரெண்டு பேர்லயும் தப்பு இல்ல. ஆனா அது லேசான போட்டின்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க.

அடுத்தது, நர்சிங் ஸ்கூலுக்கு விண்ணப்பம் கூப்பிடற கெசட்.

எங்க பக்கம் நர்சிங்குக்குக் காத்துக்கிட்டு இருக்கிற பிள்ளைகள் உள்ள வீட்ல வெள்ளிக்கிழமைன்னா ஒரு பரபரப்பு. வர்த்தமானி வெள்ளிக்கிழமைதானே வரும். வாட்ஸ்அப்ல பழைய கெசட்ட திகதியை வெட்டிட்டு யாராவது அனுப்பி விட்டுடுவாங்க. பிள்ளைகள் பதறிப் போய் எனக்குக் கோல் பண்ணும். (நான் ஒண்ணும் அதிகாரி இல்ல. ஃபோர்ம் நிரப்பத் தெரிஞ்ச ஒரு அத்தை, அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு நிரப்பிக் குடுத்தா அடுத்த லயத்துப் பிள்ளையும் வந்துடும்.)

ஏ.எல் எழுதின வருஷத்துக்கும், அந்த வருஷத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு கெசட் வர்றதுக்கும் நடுவில வருஷக்கணக்கா இடைவெளி விழுது. அந்த இடைவெளியிலதான் நிறைய பிள்ளைகளை நாம இழக்கிறோம். ஒருத்தி கொழும்புக்கு கடை வேலைக்குப் போயிடுவா. ஒருத்திக்கு கல்யாணம் பேசிடுவாங்க. ஒருத்தி கார்மெண்ட்ஸ்ல சேர்ந்து, இப்ப சம்பளத்தை விட்டுட்டு வர முடியாதுன்னு நிப்பா. கடைசியில கெசட் வரும்போது வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, சும்மா இருந்தாலும் சாப்பாடு கிடைக்கிற பிள்ளை, ரெடியா இருக்கும். காத்திருக்கிறதுக்கும் காசு வேணும்ங்க.

சரி, கெசட் வந்துடுச்சு. ஃபோர்ம் நிரப்பலாம்னு உக்காந்தா பேர்ல சிக்கும்.

இதை மலையகத்துக்காரங்க மட்டும்தான் முழுசா உணர முடியும். தோட்டத்தில பிறந்த பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில வேற மாதிரி, ஸ்கூல் ரெஜிஸ்டர்ல மூணாவது மாதிரி. தாத்தா பேர் எங்கயோ போய் பிள்ளைக்கு முன்னால ஒட்டிக்கிட்டு இருக்கும். தமிழ்ப் பேரை சிங்களத்தில எழுதி, அதை இங்கிலீஷுக்கு மாத்தி, திரும்ப தமிழுக்குக் கொண்டு வந்தா எழுத்து ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். அதைத் திருத்தணும்னா ஒப்பீஸ் ஒப்பீஸா ஏறி இறங்கணும். ஒரு பிள்ளைக்காக நானும் அவ அம்மாவும் ஒரு ஒப்பீஸ்ல காலையில இருந்து பெஞ்சில உக்காந்திருந்தோம். அந்த அம்மாவுக்கு அன்னைக்கு பேர் விழாது, அரை நாள் சம்பளம்கூட இல்ல. பகலைக்கு மேல ஒருத்தர் வந்து, "அந்த மிஸ் இன்னைக்கு லீவு, திங்கட்கிழமை வாங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். அந்த அம்மா ஒண்ணும் பேசல. ஃபைலை மடியில வச்சு, அதில இருந்த போட்டோகொப்பி மூலையெல்லாம் விரலால நீவி நீவி நேராக்கிக்கிட்டு இருந்துச்சு.

இப்படித் திருத்தி வாங்கறதுக்குள்ள க்ளோசிங் டேட் வந்துடும். அதனால இதைப் படிக்கிற அம்மா அப்பா யாராவது இருந்தா, பிள்ளை ஒன்பதாம் வகுப்பில இருக்கும்போதே பேரைப் பாத்துத் திருத்தி வச்சுடுங்க. ஏ.எல் முடியட்டும்னு நிக்காதீங்க.

பல்கலைக்கழகப் பக்கம் வேற கணக்கு. இசட் புள்ளிய 2001ல கொண்டு வந்தாங்க. ஒரு பாடத்தில எல்லாரும் எடுத்த சராசரியில இருந்து நீங்க எவ்வளவு மேல, எவ்வளவு கீழன்னு பாத்து, மூணு பாடத்தையும் சேர்த்து ஒரு இலக்கம் போடுவாங்க. அதுக்குப் பிறகு இடங்களைப் பிரிப்பாங்க. நூத்துக்கு 40 நாடு முழுக்க திறமை வரிசையில. 55 மாவட்டங்களுக்கு, சனத்தொகைக்கு ஏத்த மாதிரி. மிச்ச 5, கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு.

நுவரெலியா அந்தப் பின்தங்கின பட்டியல்ல இருக்கு. பதுளை இருக்கு. ரத்தினபுரி இருக்கு. மொனராகலை இருக்கு.

கண்டி இல்ல.

இருக்காதுதான். ட்ரினிட்டி, தர்மராஜ, கிங்ஸ்வுட், மஹாமாயா, ஹில்வுட், கேர்ள்ஸ் ஹைஸ்கூல் எல்லாம் இருக்கிற மாவட்டம் எப்படிப் பின்தங்கின மாவட்டம் ஆகும்? ஆனா தெல்தோட்டையும் கண்டி மாவட்டம்தான். கலஹாவும் கண்டி மாவட்டம்தான். ஹந்தானை மலைக்கு மேல ஊடுவெல பக்கம் லயத்தில இருக்கிற பிள்ளையும் கண்டி மாவட்டம்தான். அந்தப் பிள்ளையோட பேப்பரும், டவுன்ல பெரிய ஸ்கூல்ல லேப், லைப்ரரி, ஞாயிற்றுக்கிழமை ரிவிஷன் எல்லாத்தோடயும் படிச்ச பிள்ளையோட பேப்பரும் ஒரே கூடையிலதான் விழுது.

எங்க வீட்டு முன்னால போற பஸ்ஸையே எடுத்துக்கோங்க. கண்டியில இருந்து அம்பிட்டிய, தலாத்துஓயா, மாரஸ்ஸன தாண்டி ஹங்குரன்கெத்தைக்குப் போகும். ஹங்குரன்கெத்தை நுவரெலியா மாவட்டம். ஒரே ரோடு, ஒரே மழை, ஒரே கொழுந்து. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளி, இந்தப் பக்கம் படிக்கிற பிள்ளைக்கு வேற வெட்டுப்புள்ளி. நுவரெலியாப் பிள்ளைக்குக் குடுக்கிறதை நான் குறை சொல்லல, அது நியாயமான விஷயம், இன்னும் கூடக் குடுக்கலாம். கண்டி மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைய யாருமே கணக்கில எடுக்கலங்கிறதுதான் என் ஆத்திரம். பெரிய ஊர்ப் பேருக்குப் பின்னால அந்தப் பிள்ளைகள் கண்ணுக்கே தெரியாம போயிடறாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

இந்தக் கெசட், இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி எல்லாம் கடைசிச் சுற்று. நம்ம பிள்ளைகள்ல நிறையப் பேர் அந்தச் சுற்றுக்கே வர்றதில்ல. ஓ.எல் ரிசல்ட் வந்த அந்த வாரத்திலயே வெளிய போயிடறாங்க. பதினாறு வயசில.

எப்படின்னு சொல்றேன். கலஹாவுக்கு மேல இருக்கிற ஒரு தோட்டத்துப் பிள்ளை. பேர் வேணாம். ஓ.எல்ல விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தா, கணிதத்துக்கு பி. வீட்ல ஒரே சந்தோஷம், கேசரி கிண்டி லயம் முழுக்கக் குடுத்தாங்க. அவ படிச்ச ஸ்கூல்ல ஏ.எல் இருக்கு. ஆனா கலைப்பிரிவு மட்டும்தான். பயோ செய்யணும்னா வேற ஸ்கூல் போகணும். தமிழ் மீடியத்தில பயோ, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் மூணுக்கும் டீச்சர் உள்ள ஸ்கூல் எத்தனைன்னு பாத்தா கைவிரலை மடக்கிடலாம். புசல்லாவையில சரஸ்வதி மத்திய கல்லூரி இருக்கு, அது வேற திசை. கண்டி டவுனுக்கு வரணும்னா விடியக்காலையில கிளம்பணும். ஹொஸ்டல்னா காசு. சொந்தக்காரங்க வீட்ல நிக்க வைக்கலாம்னா, வயசுப் பிள்ளைய எப்படி விடறதுன்னு தகப்பனுக்குப் பயம்.

மூணு மாசம் இதையே பேசிப் பேசி, கடைசியில அவ தமிழும் இந்து நாகரிகமும் புவியியலும் எடுத்தா.

மூணும் நல்ல பாடம். நான் அதைத் தாழ்த்திப் பேசல. ஆனா அந்தப் பிள்ளைக்கு நர்ஸ் ஆகணும்னு ஆசை. தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து கட்டறதைப் பாத்து வந்த ஆசை. நர்சிங் டிகிரிக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் வேணும். டிப்ளோமாவுக்கும் விஞ்ஞானப் பிள்ளைகளைத்தான் மொதல்ல பாக்கறாங்க. மத்த பிரிவுப் பிள்ளைகளையும் எடுக்கலாமான்னு பேச்சு வரும், போகும். அந்தப் பேச்சை நம்பி ஒரு பிள்ளை இருக்க முடியாது.

ஆக அவளை யாரும் இன்டர்வியூவில தள்ளல. யாரும் ஃபோர்ம தூக்கிப் போடல. போட்டின்னு ஒண்ணு நடக்கிறதே தெரியாம அவ போட்டியில இருந்து போயிட்டா.

சரி, எப்படியோ கஷ்டப்பட்டு பயோ எடுத்த பிள்ளை? என் அண்ணன் மகள் எடுத்தா. அம்பிட்டியில இருக்கிறதால எங்களுக்குக் கண்டி டவுன் பக்கம். அதுவே பெரிய பாக்கியம். அப்படியும் தமிழ் மீடியம் கெமிஸ்ட்ரிக்கு கிளாஸ் தேடி நாங்க பட்ட பாடு இருக்கே! சிங்கள மீடியத்துக்கு டவுன்ல சந்துக்குச் சந்து போஸ்டர். தமிழ்ல தேடினா ஒரு சேர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார், ஒரு சேர் கொழும்புல இருந்து சூம்ல நடத்துவார், ஒரு சேர் நல்லா நடத்தி யூனிட் பாதியில வெளிநாடு போயிட்டார். நோட்ஸ் யாழ்ப்பாணத்தில இருந்து பார்சல்ல வரும். நல்ல நோட்ஸ், பொய் சொல்லக் கூடாது. ஆனா கேள்வி கேக்க ஆள் இல்ல.

அவ கூட்டாளி ஒருத்தி, தோட்டத்து ஸ்கூல்ல இருந்து வந்தவ, எங்க வீட்ல தங்கிப் படிச்சா. ஒரு நாள் ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசையில டைட்ரேஷன் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பிள்ளை என் மகனோட மருந்து சிரிஞ்ச கையில எடுத்து, தண்ணியில கொஞ்சம் செம்பருத்திப் பூவை ஊறப் போட்டு, அதில தேசிக்காய்ப் புளிய துளித்துளியா விட்டுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நிறம் மாறுச்சு. "அத்தை, பியூரெட்ல விட்டா இப்படித்தான் மாறுமா?"ன்னு கேட்டுச்சு. ஏ.எல் எழுதப் போற பிள்ளை. பியூரெட்ட கையால தொட்டதே இல்ல. மைக்ரஸ்கோப்ப புத்தகத்தில படமாத்தான் பாத்திருக்கு, ஆனா அதோட பாகமெல்லாம் தலைகீழாச் சொல்லும்.

அப்படிப்பட்ட பிள்ளை எழுதின பேப்பர்ல குறையுற பத்துப் பதினஞ்சு மார்க்ஸ் அவளோட குறைன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

இதுல இயற்கை வேற. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்ப ஏ.எல் பரீட்சை பாதியில நின்னுச்சு. மிச்சப் பேப்பர் எல்லாம் 2026 ஜனவரியில. கண்டி மாவட்டம் மண்சரிவில எப்படிச் சிதைஞ்சுச்சுன்னு உங்களுக்கே தெரியும். வீடு போன பிள்ளையும் எழுதுச்சு, புத்தகம் போன பிள்ளையும் எழுதுச்சு. இசட் புள்ளி அதைக் கேக்காது.

இன்னொண்ணு சொல்லணும், உயரம். நர்சிங் கெசட்ல குறைஞ்சபட்ச உயரம்னு ஒரு வரி வரும். டவுன்ல இருக்கிறவங்க அதைப் படிச்சிட்டுத் தாண்டிப் போயிடுவாங்க. தோட்டத்துப் பிள்ளை அந்த வரியில நின்னுடும். சுவர்ல பென்சில் கோடு போட்டு, ஸ்கேல் வச்சு, தலைமுடிய அமுக்கி அளந்து பாப்பாங்க. 2016ல எடுத்த நாட்டுச் சனத்தொகை சுகாதார ஆய்வில, அஞ்சு வயசுக்குக் கீழ வயசுக்கேத்த உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுக்க நூத்துக்கு 17. தோட்டப் பகுதியில மட்டும் 32. அப்ப இந்தப் போட்டி ஓ.எல்லையும் தாண்டிப் பின்னால போகுது பாருங்க, தாய் வயித்தில இருக்கும்போது என்ன சாப்பிட்டாங்கங்கிற வரைக்கும்.

வரலாறையும் கொஞ்சம் பாக்கணும். எங்க அம்மா சொல்வாங்க, அவங்க சின்ன வயசில கண்டியில ஆஸ்பத்திரிக்குப் போனா யாழ்ப்பாணத்து நர்ஸ் மிஸ்மார் இருப்பாங்களாம், தமிழ்ல அதட்டுவாங்களாம். வடக்கில மானிப்பாய் கிரீன் ஆஸ்பத்திரி, இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரின்னு மிஷன் காலத்திலயே பொம்பளப் பிள்ளைகளுக்கு நர்சிங் பழக்கினாங்க. எங்களுக்கு? 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நாடற்றவங்க ஆக்கிட்டாங்க. பிரஜாவுரிமை இல்லாம அரசாங்க வேலைக்கு எழுதிப் போட முடியுமா? கடைசி ஆட்களுக்கும் பிரஜாவுரிமை குடுக்கிற சட்டம் 2003லதான் வந்துச்சு. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில. அதுவரைக்கும் அஞ்சாம் வகுப்போட முடிஞ்சுடும். எங்க அம்மா அஞ்சாம் வகுப்பு. மத்தவங்க மூணு தலைமுறையா நிக்கிற வரிசையில நாங்க நேத்துத்தான் வந்து நிக்கிறோம். அதை மறந்துட்டு "உங்க பிள்ளைகள் ஏன் வரல?"ன்னு கேக்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

சரி, வராட்டி என்ன? யாரோ ஒருத்தர் நர்ஸா வர்றாங்கதானேன்னு நீங்க கேக்கலாம்.

போன வருஷம் அம்மாவை ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். எதுன்னு சொல்லப் போறதில்ல, தேவையில்ல. பக்கத்துக் கட்டில்ல ஒரு வயசான அம்மா, தோட்டத்துக்காரங்க. ராத்திரி ஒரு மிஸ் வந்து சிங்களத்தில சொன்னாங்க, காலையில ஸ்கேன் இருக்கு, ஒண்ணும் சாப்பிடாம இருங்கன்னு. அந்த அம்மா தலையாட்டுச்சு. என்ன சொன்னாலும் தலையாட்டிப் பழகின தலை. விடிஞ்சதும் மகன் கொண்டு வந்து வச்சிருந்த ரொட்டிய கட்டைச் சம்பலோட சாப்பிட்டுருச்சு. ஸ்கேன் போச்சு. திரும்ப நாள் எடுக்கணும். மிஸ்ஸுக்கும் கோபம், டொக்டருக்கும் கோபம். அந்த அம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியல, மருந்து குடிக்கணுமேன்னுதான் சாப்பிட்டேன்னு என் அம்மாகிட்ட சொல்லிச் சொல்லி அழுதுச்சு.

அந்த மிஸ் மேல எனக்குக் கோபம் இல்ல. வார்ட் நிறைய ஆட்கள், கீழ பாய் போட்டும் ஆட்கள். அவங்க தன்னால முடிஞ்சதைச் சொன்னாங்க.

அதே வார்ட்டுக்கு ரெண்டு நாள் கழிச்சு நர்சிங் ஸ்டூடன்ட்ஸ் வந்தாங்க. அதில ஒரு பிள்ளை பதுளைப் பக்கம். அந்த அம்மா பக்கத்தில குனிஞ்சு, "அம்மாயி, ராத்திரி பத்து மணிக்குப் பிறகு தண்ணி கூடக் குடிக்கக் கூடாது, என்னா? நான் காலையில வந்து பாப்பேன்"ன்னுச்சு. அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்தாச்சு. அன்னைக்கு வார்ட்ல இருந்த அத்தனை தமிழ் ஆட்களும் அந்தப் பிள்ளைய கூப்பிட்டு ஏதாவது கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மருந்துச் சீட்டில என்ன எழுதியிருக்கு, கிளினிக் எப்ப, வீட்டுக்கு எப்ப விடுவாங்க. பாவம், அது படிக்க வந்த பிள்ளை, மொழிபெயர்ப்பாளர் வேலையும் சேர்த்துப் பாத்துச்சு. முகம் சுளிக்கவே இல்ல.

1987ல இருந்து தமிழும் இந்த நாட்டில அரச கரும மொழி. கட்டில் பக்கத்தில அதைப் பேச ஆள் வேணும். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி வந்து நம்ம மலையகத்தில டிக்கோயாவில 150 கட்டில் ஆஸ்பத்திரியத் திறந்து வச்சார். (மே 12 சர்வதேச தாதியர் தினம். நல்ல நாள்தான்.) கட்டடம் வந்ததில எனக்கு நிஜமாவே சந்தோஷம். கட்டடத்தைக் கப்பல்ல வர்ற காசில கட்டலாம். நர்ஸ உருவாக்க ஒரு ஸ்கூல், ஒரு பயோ டீச்சர், பத்து வருஷம் வேணும்.

நெஞ்சு எரியுற இன்னொரு விஷயம், நர்ஸ் பத்தாதுன்னும் ஒரே நேரத்தில சொல்றாங்க. உலக சுகாதார நிறுவனம் 2025ல விட்ட அறிக்கையில உலகம் முழுக்க 58 லட்சம் நர்ஸ் குறையுதுன்னு இருக்கு. நம்ம நாட்டில 2022 பொருளாதார நெருக்கடியில அரச ஊழியர்கள் அஞ்சு வருஷம் வரைக்கும் சம்பளமில்லாத லீவில வெளிநாடு போகலாம்னு அரசாங்கமே சுற்றறிக்கை விட்டுச்சு. போனவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன், அன்னைக்கு நாங்க எல்லாரும் எரிவாயுவுக்கு லைன்ல நின்னவங்க. ஆனா ஒரு பக்கம் ஆள் இல்ல, மறுபக்கம் படிக்க வந்த பிள்ளைக்கு இடம் இல்ல. இது எப்படி?

இங்க மட்டும் இல்ல. அமெரிக்காவில 2021ல தகுதியுள்ள விண்ணப்பம் 91,938ஐ நர்சிங் காலேஜ்கள் ஏத்துக்காம விட்டாங்களாம். (விண்ணப்பக் கணக்குத்தான், ஒரே ஆள் நாலு இடத்துக்குப் போட்டிருக்கலாம்.) காரணம் படிப்பிக்க ஆள் பத்தாது, பழகிறதுக்கு வார்ட் பத்தாது. நர்சிங் மாணவிக்கு மேசையும் கதிரையும் மட்டும் போட்டா ஆகாது. மொத ஊசி போடும்போது பக்கத்தில நின்னு கையைப் பிடிச்சுக் காட்ட ஒரு ஆள் வேணும். நம்மகிட்ட இருந்த அந்த ஆளும் இப்ப வெளிநாட்டில. அதனால "ஸீட்ட கூட்டுங்க"ன்னு கத்தினா மட்டும் போதாது, டியூட்டர்மாரைப் பிடிச்சு வச்சுக்கணும், அவங்களுக்கு நல்ல சம்பளம் குடுக்கணும்.

இந்த இட நெருக்கடியில காசு பாக்கிறவங்களும் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை டவுன்ல ஒரு இடத்தில "நர்சிங் டிப்ளோமா"ன்னு போட்ட போர்டைப் பாத்து சேர்ந்தா. நகை அடகு வச்ச காசு. முடிச்சு வந்து வேலைக்குக் கேட்டா, இது நர்ஸ் தகுதி இல்ல, உதவியாளர் வேலைதான் தரலாம்னாங்க. உதவியாளர் வேலையும் மரியாதையான வேலைதான், மொதல்லயே அப்படிச் சொல்லியிருக்கணும். காசு கட்ட முன்னால ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதை முடிச்சா இலங்கை தாதியர் பேரவையில பதிய முடியுமா?" 1988ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டத்தில வந்த பேரவை அது. நர்ஸ்னு வேலை செய்ய அங்க பதிவு வேணும். ஆமான்னு வாயால சொன்னா போதாது, கடுதாசியில காட்டச் சொல்லுங்க. பேரவைக்கே கோல் எடுத்தும் கேளுங்க.

நர்சிங்குக்குக் கலைப்பிரிவுப் பிள்ளைகளை எடுக்கலாமான்னு என்னைக் கேட்டா, எடுக்கலாம்னுதான் சொல்வேன். ஆனா சும்மா எடுத்து வகுப்பில போட்டா அனாட்டமியும் ஃபார்மகாலஜியும் அந்தப் பிள்ளைகளை உடைச்சுடும். மொதல்ல ஒரு வருஷம் உயிரியலும் இரசாயனவியலும் படிப்பிச்சு, பிறகு மத்தவங்களோட சேர்க்கணும். அந்த ஒரு வருஷச் செலவு, ஸ்கேன் தள்ளிப் போற செலவை விடக் குறையும். மருந்துக் கணக்கில ஒரு தசமப் புள்ளி தப்பினா உயிர் போற வேலை இது. தகுதியக் குறைங்கன்னு நான் ஒருநாளும் கேக்க மாட்டேன். தகுதிக்கு வர்றதுக்கு வழி விடுங்கன்னுதான் கேக்கிறேன்.

அதோட, கண்டி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளைத் தனியா ஒரு பிரிவாப் பாக்கணும். மாவட்டம்னு ஒரு கோடு போட்டு மஹாமாயாவையும் தெல்தோட்டையையும் ஒண்ணா நிறுத்தாம, பிள்ளை படிச்ச ஸ்கூல்ல லேப் இருந்துச்சா, டீச்சர் இருந்தாங்களான்னு பாக்கிற மாதிரி ஒரு முறை வரணும். கஷ்டப் பிரதேசப் பாடசாலைன்னு டீச்சருக்கு அலவன்ஸ் குடுக்கத் தெரியுது, அதே பட்டியலை வச்சுப் பிள்ளைக்கும் ஏதாவது செய்யலாமே.

என் அண்ணன் மகள் திரும்ப எழுதறதா முடிவு பண்ணிட்டா. டொக்டருக்கு இல்ல. "அத்தை, எனக்கு நர்சிங்தான் வேணும், கெமிஸ்ட்ரியில கொஞ்சம் கூட்டினா போதும்"னு சொல்லிட்டா. அவளோட படிச்ச அந்தக் கூட்டாளிப் பிள்ளையும் எழுதுது. எங்க வீட்ல சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு பேரும் படிக்கிறாங்க. பேராதனையில படிக்கிற ஒரு பிள்ளை ஃபிசிக்ஸ் சொல்லிக் குடுக்க ஒத்துக்கிட்டு இருக்கு. கெமிஸ்ட்ரிக்கு இன்னும் ஆள் கிடைக்கல. கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் தமிழ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கக்கூடிய ஆள் யாராவது இருந்தா, ரிட்டயர் ஆன டீச்சரா இருந்தாலும் சரி, கெம்பஸ் பிள்ளையா இருந்தாலும் சரி, தெரியப்படுத்துங்க. பஸ் காசும் பகல் சாப்பாடும் எங்க பொறுப்பு. தோட்டத்தில இருந்து வரத் தயாரா இன்னும் நாலஞ்சு பிள்ளைகள் இருக்காங்க. மேசை பெருசு, எல்லாரும் உக்காரலாம்.